ஜலதோஷமும் பெயரில்லாத மாத்திரைகளும்

ஐப்பசி பிறந்து, அடைமழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம் மருந்துக் கடையாகத்தான் இருக்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, சளி, தும்மல், உடம்பெல்லாம் வலி, ரெண்டு நாளைக்கு ஒரு செட் போட்டுக் குடுங்க" என்று கேட்கிறார்கள். "பெரியவங்களுக்குத்தானே? காய்ச்சல் இருக்கா?" என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து, நான்கைந்து அட்டைகளிலிருந்து மாத்திரைகளை இரண்டும் மூன்றுமாக வெட்டி, ஒரு சிறு காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதி நீட்டுகிறார். வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்தால் மருந்தின் பெயரில் பாதி எழுத்துகளும், காலாவதித் தேதியில் மாதமோ ஆண்டோ ஏதேனும் ஒன்றும் மிஞ்சியிருக்கும்; சில மாத்திரைகள் அட்டையிலிருந்தே பிதுக்கி எடுக்கப்பட்டு, பெயரற்ற வெறும் வெள்ளை வில்லைகளாக உறையின் அடியில் கிடக்கும்.

அந்தக் காகித உறையைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகு நாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஜலதோஷத்தைப் போக்கும் மருந்து இவ்வுலகில் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கடையில் கிடைப்பவையெல்லாம் அதன் உபாதைகளில் ஏதேனும் ஒன்றைச் சில மணி நேரம் தணித்துவைப்பவையே. அப்படியிருக்க, எந்த உபாதைக்கு எந்த மருந்தைச் சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருப்பதே இந்த வைத்தியத்தின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். பெயரில்லாத உறையோ அந்த ஒரே அறிவை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

நோயின் போக்கு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1946இல், இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே, யுத்த காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடங்களில், ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஆரம்பிக்கப்பட்டது. கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ் என்ற விஞ்ஞானியின் தலைமையில் தொடங்கி, பின்னர் டேவிட் டிரெல் என்பவரின் பொறுப்பில் நாற்பதாண்டுகளுக்கு மேல் நடைபெற்ற அந்த நிலையத்துக்கு, பத்து நாள் இலவசமாகத் தங்கி, சாப்பிட்டு, மூக்கில் கிருமி கலந்த துளிகளை விட்டுக்கொள்ளச் சம்மதித்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வந்துபோனார்கள். அவர்களிற் சிலரை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் துவட்டாமலே காற்று வீசும் நடையில் நிறுத்தி, நனைந்த காலுறையோடு உட்காரவைத்துங்கூடப் பார்த்தார்கள். குளிரில் நடுங்கியவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடித்துவிடவில்லை. இவ்விஷயத்தில் கடைசி வார்த்தை இதுதான் என்று சொல்லுவதற்கில்லை. 2005இல் காடிஃப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பாதங்களைக் குளிர்ந்த நீரில் வைத்திருந்தவர்களிடையே அடுத்த சில நாட்களில் ஜலதோஷம் கண்டவர்கள் கூடுதலாக இருந்ததைக் கவனித்தார்கள். ஆயினும், மழையும் மோரும் எண்ணெய்க் குளியலும் எத்தனை பழி சுமந்தாலும், கிருமி இன்றி ஜலதோஷம் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்தக் கிருமிகளில் தலையாயது ரைனோ வைரஸ். 1950களில் இனங்கண்டுகொள்ளப்பட்ட இதில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இது தவிரச் சாதாரணக் கொரோனா வைரஸ்கள் முதலிய வேறு பல குடும்பங்களும் இதே நோயைத் தருகின்றன. ஒன்றுக்கு எதிராகச் சரீரம் தேடிக்கொண்ட பாதுகாப்பு மற்றொன்றிடம் செல்லாது. ஆதலால்தான் தடுப்பூசி ஏதும் கைகூடவில்லை. வளர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையும், சிறு குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டுத் தடவையும் சளி பிடிப்பது சகஜமாக இருக்கிறது.

முதல் நாள் தொண்டைக் கரகரப்பு, இரண்டாம் மூன்றாம் நாட்களில் தும்மலும் மூக்கொழுகலும் தலைபாரமும் உச்சம், பிறகு மூக்கடைப்பு, கடைசியாக இருமல் என்பதே இந்நோயின் வழக்கமான போக்கு. ஏழு முதல் பத்து நாட்களில் மற்றவையெல்லாம் அடங்கிவிட, இருமல் மட்டும் சிலருக்கு மூன்று வாரம் வரை நீடிக்கும். நீராக ஒழுகிய சளி மூன்றாம் நாலாம் நாளில் கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும்போது, "சளி பழுத்துடுச்சு, ஆண்டிபயாடிக் போட்டாத்தான் போகும்" என்று வீட்டிலுள்ளவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கிருமியோடு போராட வந்து குவிந்த இரத்த வெள்ளணுக்களின் நிறந்தான் அது. பாக்டீரியா புகுந்ததற்கு அதுவே அத்தாட்சியாகாது. ஆண்டிபயாடிக் மருந்துகளோ பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா. அஸித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டதால் சளி நின்றது என்று நம்புகிறவருக்கு, அந்த மூன்று நாளும் மாத்திரை இல்லாமலே கழிந்திருந்தாலும் சளி நின்றிருக்கும். இடையே அவர் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

அட்டையின் பின்புறம்

கடையில் பிரபலமாக விற்கும் ஜலதோஷ மாத்திரை எதையாவது எடுத்து அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் பாரசிடமால் 500 மில்லிகிராம், ஃபினைலெஃப்ரின் 10 மில்லிகிராம், குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம் என்று மூன்று பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் நான்காவதாகக் கஃபீனும் சேர்ந்திருக்கும். ஒரே மாத்திரையில் பல மருந்துகளைக் குழைத்துக் கொடுக்கும் இந்தக் கூட்டு மருந்துகளின் உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

முதலாவதான பாரசிடமால், காய்ச்சலையும் உடம்புவலியையும் தலைவலியையும் தணிப்பதில் எளிமையும் நம்பகமும் கொண்ட நல்ல மருந்து. வளர்ந்தவர் ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேரம், ஒரு நாள் முழுவதிலுமாக 4,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் என்ற எல்லைக்குள் சாப்பிட்டால் அதனால் தீங்கு வருவது அபூர்வம். அந்த எல்லையைத் தாண்டினால், ஈரலில் உண்டாகும் நச்சுப் பொருளைச் செயலிழக்கச் செய்யும் குளூட்டதயான் தீர்ந்துபோய், ஈரல் செல்கள் மடியத் தொடங்குகின்றன. மதுப் பழக்கம் உள்ளவர்கள், ஈரல் நோயாளிகள், பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த எல்லை இன்னும் தாழ்வானது.

காகித உறையின் அபாயம் இங்கேதான் தலைகாட்டுகிறது. உறையிலிருக்கும் ஜலதோஷ மாத்திரையில் 500 மில்லிகிராம் பாரசிடமால் ஒளிந்திருக்கிறது என்று அறியாதவர், காய்ச்சலுக்கென்று வீட்டு அலமாரியில் தயாராக வைத்திருக்கும் 650 மில்லிகிராம் மாத்திரையையும் உடன் விழுங்குகிறார். இரண்டையும் நாலு வேளை சாப்பிட்டால் நாளொன்றுக்கு 4,600 மில்லிகிராம் ஆகிறது. அவர் பேராசைப்பட்டு மருந்து தின்றவர் அல்லர். பெயர் தெரியாததால் ஒரே மருந்தை இரு முறை உண்டவர்.

இரண்டாவதான ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படுவது. மூக்கின் உள்ளே வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது இதன் வேலை. ஆனால் வாய்வழியாக விழுங்கும்போது குடலிலும் ஈரலிலுமே பெரும்பகுதி சிதைந்து, மூக்குவரை போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த பதினாறு பேரும் ஏகமனதாக, வழக்கமான அளவில் வாய்வழி உண்ணும் ஃபினைலெஃப்ரினால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று வாக்களித்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் அந்நிறுவனமே அதை விற்பனையிலிருந்து நீக்கலாமென்று முன்மொழிந்தது. நம் ஊர்க் கடைகளில் அது இன்னமும் கூட்டு மாத்திரைகளின் பிரதான அங்கமாக நீடிப்பது எனக்கு வருத்தந் தருகிறது. பயனில்லாத ஒரு பொருளுக்கு ஜனங்கள் பணம் கொடுப்பது ஒருபுறமிருக்க, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இவ்வகை மருந்துகளையே தவிர்க்க வேண்டும் என்பதை அந்தக் கத்தரித்த அட்டைத் துண்டு அவர்களுக்கு எப்படிச் சொல்லும்?

மூன்றாவதான குளோர்ஃபெனிரமின், ஆரம்ப சுகாதார நிலையங்களில் சி.பி.எம். என்ற பெயரில் வழங்கிவரும் பழைய மருந்து. மூக்கொழுகலையும் தும்மலையும் ஓரளவு வற்றவைக்கும். கூடவே தூக்கத்தையும் வரவழைக்கும். இராத்திரி படுக்கப் போகுமுன் ஒன்று சாப்பிடுவதில் பெரிய தோஷமில்லை. ஆனால் காலையில் சாப்பிட்டுவிட்டு லாரி ஓட்டப் போகிறவர், இயந்திரத்தின் முன் நிற்கிறவர், இருசக்கர வண்டியில் நெடுந்தூரம் போகிறவர் ஆகியோர் கண்ணயர நேரிடும். ப்ராஸ்டேட் வீக்கமுள்ள முதியவர்களுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்வதும், கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்கு அது அதிகரிப்பதும் இதனால் நேரக்கூடியவை. தூக்கம் குறைவென்று செட்டிரிசினை இதற்குப் பதிலாகக் கொடுப்பதும் உண்டு. ஒவ்வாமைத் தும்மலுக்கு அது நல்ல மருந்தாயினும், ஜலதோஷத் தும்மலுக்கு அதனால் கிட்டும் நன்மை மிகச் சிறிது.

மூன்று உபாதைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பது அபூர்வமாகையால், கூட்டு மாத்திரையில் ஏதேனும் ஓர் அங்கம் எப்போதும் வீணாகவே உடம்புக்குள் போகிறது. காய்ச்சல் இருந்தால் பாரசிடமால் மட்டும், இரவில் மூக்கு ஒழுகித் தூக்கம் கெட்டால் சி.பி.எம். மட்டும், மூக்கு அடைத்தால் முதலில் உப்பு நீர்ச் சொட்டு, அதற்கும் அடங்காவிட்டால் ஸைலோமெட்டஸோலின் அல்லது ஆக்ஸிமெட்டஸோலின் சேர்ந்த சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்குவதே விவேகம். இந்தச் சொட்டு மருந்து சில நிமிஷங்களில் மூக்கைத் திறந்துவிடும் என்பது மெய். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வீரியம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்து, அதற்காக மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு என்று மாதக்கணக்கில் அதற்கு அடிமைப்பட்டவர்கள் காது மூக்குத் தொண்டை வைத்தியர்களிடம் வந்த வண்ணம் இருக்கிறார்கள்.

அரசாங்கம் இக்கூட்டு மருந்துகளைக் கண்டுகொள்ளாமலே இருந்துவிடவில்லை. மூளையில் இரத்தக் கசிவு உண்டாகும் அபாயம் காரணமாக அமெரிக்காவில் 2000இலேயே விலக்கப்பட்ட ஃபினைல்புரோப்பனோலமின், இந்தியாவில் ஜலதோஷ மாத்திரைகளில் இன்னும் பத்தாண்டு இருந்து, 2011இல் தடைசெய்யப்பட்டது. 2016 மார்ச் மாதத்தில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது; கம்பெனிகள் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடி அவ்வாணையை ரத்துச் செய்வித்தன; விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, மறுபரிசீலனைக்குப் பின், 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை உறுதியாயிற்று. எனினும், எவற்றை டாக்டர் சீட்டின்றி வாங்கலாம் என்று தெளிவாக வரையறுக்கும் தனிப் பட்டியல் ஒன்று நம் மருந்துச் சட்டத்தில் இல்லை. சீட்டு தேவைப்படும் மருந்துகளைக் குறிக்கும் எச் அட்டவணையில் இல்லாததை விற்கலாம் என்ற அனுமானத்தின் பேரிலேயே வியாபாரம் நடக்கிறது. சிவப்புக் கோடு போட்ட ஆண்டிபயாடிக் அட்டையும், சமயங்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையுமே அந்தக் காகித உறைக்குள் நுழைந்துவிடுவது இந்தச் சூழலில்தான். ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு மறுநாளே உடம்பு லேசானாற்போலத் தோன்றும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அவருடைய இரத்தச் சர்க்கரை எகிறியிருக்கும்.

தைலமும் ஆவியும் ரசமும்

மாத்திரைகளுக்கு முன்பிருந்தே நம் வீடுகளில் தைலம் இருந்துவந்திருக்கிறது. தேசபக்தரும் பத்திரிகாசிரியருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, பிற்பாடு சென்னையில் நிலைபெற்ற அமிர்தாஞ்சன், தலைவலிக்கென்று வாங்கப்பட்டாலும் சளிக் காலத்தில் நெற்றிக்கும் மூக்குக்கும் மார்புக்கும் தடவப்படாத வீடு ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் இருந்திராது. இத்தகைய தைலங்களிலுள்ள மென்தால், மூக்கிலுள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், காற்று தாராளமாகப் போய்வருவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. உணர்வுதானே என்று அதை நான் அற்பமாகக் கருதவில்லை; இரவு முழுவதும் புரளுகிறவருக்கு அந்த உணர்வே ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கொடுக்குமானால் அது பெரிய உபகாரம். ஆனால் பச்சிளங் குழந்தைகளின் மார்பில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவும் பாட்டிமார் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவும் உட்செல்லும். தவறி வாய்க்குள் போனால் சிறிதளவே வலிப்பை உண்டாக்கிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் எதுவும் கூடாது.

நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சுகமளிக்கும். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தைகள் தீக்காய வார்டுகளுக்கு வருவதால், குழந்தைகளுக்கு அதை நான் எக்காரணத்தாலும் சிபாரிசு செய்யமாட்டேன். மிளகு ரசமும் சுக்கு மல்லிக் காபியும் வெந்நீரும் தொண்டைக்கு இதமானவை. சூடான பானம் ஜலதோஷக்காரருக்கு உடனடியாக நிம்மதி தருகிறதென்று காடிஃப் ஆராய்ச்சியாளர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன், கடையில் வாங்கும் பல இருமல் மருந்துகளுக்குச் சளைத்ததல்ல. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கு அது வழிவகுக்கக்கூடும்.

குழந்தைகளும் இருமல் மருந்தும்

இவ்விஷயத்தில் என் மனம் மிகவும் வேதனைப்படுவது குழந்தைகளை நினைத்தே. 2025இல், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், சாதாரணச் சளி இருமலுக்காக மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், மூத்திரம் நின்று, சிறுநீரகம் செயலிழந்து மாண்டுபோனார்கள். அந்தச் சிரப் தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்ற, தொழிற்சாலைகளில் உபயோகமாகும் விஷத் திரவம் 48.6 சதவீதம் இருக்கக் கண்டது. இதே விஷம் 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1972இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது. 2022இல் காம்பியா நாட்டுக் குழந்தைகளை, இந்தியாவில் தயாரான சிரப்புகளின் வழியே கொன்றது. மருந்துக்கு இனிப்பும் வழவழப்பும் தரும் கிளிசரின் அல்லது புரோப்பிலீன் கிளைகால் பீப்பாய்களை விஷக் கலப்பில்லையென்று சோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும் என்ற எளிய விதியை ஒரு தொழிற்சாலை மீறினால் போதும், இவ்வளவும் நேர்ந்துவிடுகிறது. அந்தச் சோதனையை நடத்தாதவர்களும், நடத்தினார்களா என்று போய்ப் பார்க்காதவர்களும் இந்த உயிர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

விஷக் கலப்பு இல்லாத சிரப்பாலாவது குழந்தைக்கு நன்மையுண்டா என்றால், இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சளியை இளக்கும் மருந்தையும் இருமலை அடக்கும் மருந்தையும் ஒரே புட்டியில் சேர்ப்பதும், மூச்சிரைப்பே இல்லாத குழந்தைக்கு டெர்பியூட்டலின் சேர்ந்த சிரப்பைக் கொடுத்து நெஞ்சு படபடக்கச் செய்வதும் எந்த நியாயத்துக்கும் பொருந்தா. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல் சளி மருந்து கூடவே கூடாதென்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவசியமில்லையென்றும் அறிவித்தது. காய்ச்சலுக்குப் பாரசிடமால், அதுவும் வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு. அடிக்கடி தாய்ப்பாலோ கஞ்சியோ நீரோ. இவ்வளவே போதும். சிரப்புகள் ஒரே பெயரில் வெவ்வேறு வீரியத்தில் வருவதால், புட்டியின் மேல் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படிக்காமல் சமையலறை ஸ்பூனால் ஊற்றுவது ஆபத்தானது. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மழைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூக்கொழுகலோ தும்மலோ இல்லாமல், திடீரென்று கடுங் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னே வலியும் மூட்டுவலியும் வந்தால் அது டெங்குவாக இருக்கக்கூடும். அப்போது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைத் தூண்டிவிடும். உடம்புவலிக்கென்று உறைக்குள் போடப்படும் பெயரில்லாத மாத்திரை இம்மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால் என்னாவது? ஆகவே கடைக்காரரிடம், "தனித்தனியா குடுங்க, பேர் இருக்கற மாதிரி வெட்டிக் குடுங்க" என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டப்படி கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் இருந்தாக வேண்டும். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, கேட்டு வாங்குவது நம் உரிமை.

காய்ச்சல் மூன்று நாளைக்கு மேல் நீடித்தாலும், தணிந்த காய்ச்சல் மறுபடியும் திரும்பினாலும், மூச்சுத் திணறினாலும், சளியில் இரத்தம் கண்டாலும், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் மருந்துக் கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காச நோய்க்கான சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது. சளி பிடித்த குழந்தை வேகமாக மூச்சு விடுவதாகத் தோன்றினால், அது அழாமல் இருக்கும் வேளையில், சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் மூச்சுகளை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அறுபதும், ஒரு வயது வரை ஐம்பதும், ஐந்து வயது வரை நாற்பதும் ஆகிவிட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.